டிரெய்லரா, மொபைல் ஹோமா?

கேள்வி: அமெரிக்காவின் மிச்சிகனில், லான்சிங் பக்கம் மனைவி, மூன்று வயது மகளோடு வாடகை வீட்டில் இருக்கிறோம். சம்பளத்தில் பாதி வாடகைக்கே போகிறது. காரின் பின்னால் இழுத்துச் செல்லும் பழைய டிராவல் டிரெய்லர் ஒன்று 9,000 டாலருக்கு வருகிறது. தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து வைக்கும் மொபைல் ஹோம்களுக்கான பார்க் ஒன்றில் 1997-இல் செய்த சிங்கிள் வைடு (ஒரே துண்டாகச் செய்த ஒடுக்கமான) வீட்டுக்கு 32,000 கேட்கிறார்கள். வருடம் முழுக்கக் குடியிருக்க எதை வாங்கலாம்?

பதில்: டிராவல் டிரெய்லர் வேண்டாம். 9,000 என்றதும் மனம் அங்கே போவது புரிகிறது. ஆனால் அது விடுமுறையில் ஊர் சுற்றச் செய்த வண்டி. சுவர் மெல்லியது. ஜனவரிக் குளிரில் தண்ணீர்க் குழாயும் கழிவுநீர்த் தொட்டியும் உறைந்துபோகும். சூடாக வைத்திருக்க புரொப்பேன் வாயு வாங்கி மாளாது. நம் சமையலில் சோறு வேகாத, குழம்பு கொதிக்காத நாள் ஏது? அந்த ஆவியெல்லாம் குளிர்ந்த சுவரில் நீராகப் படிந்து பூஞ்சை பிடிக்கும். சின்னக் குழந்தையை அதில் வைத்திருக்க நான் சம்மதிக்க மாட்டேன். பல ஊர்களில் அதில் நிரந்தரமாகக் குடியிருக்க அனுமதியும் கிடையாது.

சரி, மொபைல் ஹோமுக்கு வருவோம். 1976 ஜூன் 15 முதல் இந்த வீடுகளை மத்திய வீட்டுவசதித் துறையின் விதிப்படிதான் செய்கிறார்கள். வெளிச்சுவரில் சிவப்பு உலோகத் தகடு இருக்கிறதா பாருங்கள். உள்ளே சமையலறை அலமாரியிலோ மின்சாரப் பெட்டிக்குப் பக்கத்திலோ ஒரு விவரத்தாள் ஒட்டியிருக்கும். வீடு எந்தக் குளிர் மண்டலத்துக்காகச் செய்யப்பட்டது, கூரை எவ்வளவு பனியைத் தாங்கும் என்பதெல்லாம் அதில் உண்டு. மிச்சிகனுக்கு மண்டலம் 3 வேண்டும். தெற்கு மாநிலத்துக்குச் செய்த வீடு என்றால் விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள். 1994-இல் வெப்பக்காப்பு விதிகளைக் கடுமையாக்கினார்கள். 1997 வீடு அதற்குப் பிந்தியது, அது நல்ல விஷயம்.

குளியலறையில் டாய்லெட்டைச் சுற்றி அழுத்தி மிதித்துப் பாருங்கள். தரை அமுங்கினால் அடியில் பலகை ஊறியிருக்கிறது. டார்ச்சோடு வீட்டுக்கு அடியிலும் ஒருவரைப் போகச் சொல்லுங்கள். தரைக்கு அடியில் கட்டிய துணி கிழிந்து, குளிரைத் தடுக்கும் பஞ்சு தொங்குகிறதா, குழாயில் சுற்றிய சூடேற்றும் வயர் வேலை செய்கிறதா, வீட்டின் அடிப்பாகத்தைச் சுற்றி மூடியிருக்கும் தடுப்பில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வீட்டைவிட எனக்குக் கவலை தருவது அதன் கீழே இருக்கும் நிலம்தான். வீடு உங்களுடையதாகும், மனை பார்க் முதலாளியுடையது. மாதாமாதம் மனை வாடகை கட்ட வேண்டும். சமீப ஆண்டுகளில் முதலீட்டு நிறுவனங்கள் இப்படிப்பட்ட பார்க்குகளை வாங்கி, வாடகையை ஏற்றிவருகின்றன. பிடிக்கவில்லை என்றால் வீட்டைக் கிளப்பிக்கொண்டு போகவும் எளிதில் முடியாது. இடம் மாற்றப் பல ஆயிரம் டாலர் ஆகும், பழைய வீட்டை வேறு பார்க்குகள் ஏற்பதும் அரிது. அதனால் அங்கே குடியிருப்பவர்களிடம் பேசுங்கள். கடந்த சில வருடங்களில் வாடகை எவ்வளவு ஏறியது, பார்க் கை மாறியதா என்று கேளுங்கள். தண்ணீர், குப்பைக் கட்டணம் தனியா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

இத்தகைய வீட்டுக் கடனில் வட்டி சாதாரண வீட்டுக் கடனைவிட அதிகம். மனை வாடகையையும் தவணையையும் கூட்டி, இப்போதைய வாடகையோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் சொற்பம் என்றால் இந்த வீட்டை விட்டுவிட்டு வேறு பார்க்கில் தேடுங்கள். வாங்குவதாக முடிவானால், மாநிலச் செயலர் அலுவலகம் தந்த டைட்டில் (வீட்டு உரிமைச் சான்று) விற்பவர் பெயரில் இருக்கிறதா, அதில் பழைய கடன் ஏதும் பாக்கி இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.