76 வயது அப்பாவுக்கு முதுகு ஊசி: குளோபிடோக்ரெல் பற்றி

தக்கலைத் தம்பிக்கு: அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன், இதய ரத்தக் குழாயில் பழைய ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்), ரத்தம் கட்டாமலிருக்க தினமும் குளோபிடோக்ரெலும் ஆஸ்பிரினும். இடுப்புக்குக் கீழே மரக்கவைக்க முதுகில் ஊசி போடலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

போடலாம். ஆனால் குளோபிடோக்ரெலை 5 முதல் 7 நாள் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். இல்லையென்றால் தண்டுவடத்தைச் சுற்றி ரத்தம் கட்டி, கால்கள் செயலிழக்கலாம்; அபூர்வம்தான், ஆனால் வந்தால் சில மணி நேரத்துக்குள் கண்டுபிடித்து அழுத்தத்தை எடுத்தாக வேண்டும். நிறுத்தலாமா என்பதை இதய டாக்டர்தான் சொல்ல வேண்டும், நீங்களாகச் செய்யாதீர்கள். ஆஸ்பிரின் பெரும்பாலும் தொடரும். குளோபிடோக்ரெலை நிறுத்தவே கூடாதென்றால், இடுப்போர நரம்புகளை மட்டும் மரக்கவைத்தே இந்த ஆபரேஷனைச் செய்ய முடியும். அதைக் கேட்டுப் பாருங்கள். வைத்தியர் தந்த லேகியம், பூண்டு மாத்திரை எல்லாவற்றையும் மயக்க டாக்டரிடம் காட்டுங்கள். பலரும் மறைப்பது இதைத்தான்.

இந்த வயதில் பெரிய தொல்லை பிரஷர் இறங்குவது. முதுகில் போடும் மருந்து கால் ரத்தக் குழாய்களைத் தளர்த்துவதால் ரத்தம் கீழேயே தங்கிவிடும். இதய நோயாளிக்கு டிரிப்ஸை அள்ளிக் கொட்டினால் நுரையீரலில் நீர் கோக்கும் என்பதால், பிரஷர் ஏற்றும் மருந்தைச் சிறிது சிறிதாகக் கொடுப்பார்கள். டெல்மிசார்டான் போன்ற பிரஷர் மாத்திரைகளை முந்தைய நாளே நிறுத்தச் சொல்லலாம், கேளுங்கள்.

சாப்பாடு 6 மணி நேரம் முன்பு வரை. தண்ணீர், கட்டன் சாயா (பால் சேர்க்காத டீ) 2 மணி நேரம் முன்பு வரை. கஞ்சித்தண்ணி சாப்பாட்டுக் கணக்கு.

பிராஸ்டேட் வீக்கம் இருந்தால் சொல்லிவிடுங்கள்; ஊசிக்குப் பிறகு சிறுநீர் அடைக்கலாம்.