குளிரில் மட்டும் நச்சு தயாரிக்கும் பாக்டீரியாவுக்கு வெப்பநிலை எப்படித் தெரிகிறது?

செடிகளுக்கு நோய் தரும் சூடோமோனாஸ் சிரிஞ்சே என்ற பாக்டீரியா 18 டிகிரியில் நச்சு தயாரிக்கிறது, 28 டிகிரியில் தயாரிப்பதில்லை. நச்சுக்கான மரபணுக்கள் எப்போதும் அதனிடம்தானே இருக்கின்றன, பிறகு ஏன் இப்படி என்று கேட்டிருக்கிறீர்கள்.

மரபணு இருந்தால் மட்டும் போதாது, யாராவது அதை முடுக்கிவிட வேண்டும். சோயாபீன்ஸ் இலையைக் கருகவைக்கும் கிளைசினியா வகையில் அந்த வேலை நடக்கும் விதம் எனக்கு மிகவும் பிடித்தது. அதன் நச்சின் பெயர் கொரோனாடின். கொரோனாஃபேசிக் அமிலம் ஒரு பாதி, ஐசோலூசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து வரும் கொரோனாமிக் அமிலம் மறுபாதி. இரண்டையும் தனித்தனியாகச் செய்து கடைசியில் இணைக்க வேண்டும். ஒரு பாக்டீரியாவுக்கு இது பெரிய செலவு, சும்மா செய்துகொண்டிருக்க முடியாது.

கிளைசினியாவில் அதிகம் ஆராயப்பட்ட பிஜி4180 இனத்தில் இந்த மரபணுக்கள் சுமார் 90 கிலோபேஸ் (90 ஆயிரம் டிஎன்ஏ எழுத்து) நீளமுள்ள ஒரு பிளாஸ்மிடில், அதாவது முக்கிய டிஎன்ஏவுக்கு வெளியே தனியாக இருக்கும் டிஎன்ஏ வளையத்தில் இருக்கின்றன. இரண்டு பாதிகளுக்கான மரபணுக் கூட்டங்களுக்கு நடுவில் கார்-எஸ், கார்-ஆர், கார்-பி என்று மூன்று மரபணுக்கள். இவைதான் நச்சு உற்பத்தியைக் கட்டுப்படுத்துகின்றன என்பதை 1995-இல் வெளியிட்டது ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கேரல் பெண்டர் குழு.

கார்-எஸ் புரதம் செல் சவ்வுக்குள் ஆறு முறை குறுக்காக ஓடி உட்கார்ந்திருக்கிறது. குளிரில் தன்னுடைய ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் ஒன்றில் பாஸ்பேட்டை ஏற்றிக்கொண்டு, அதைக் கார்-ஆருக்குக் கைமாற்றும். கார்-ஆர் போய் நச்சு மரபணுக்களின் முன்பகுதி டிஎன்ஏவில் ஒட்டும், உற்பத்தி தொடங்கும். வெப்பம் ஏறினால் அந்த ஹிஸ்டிடின் பகுதி சவ்வுப் பக்கம் இழுத்துக்கொண்டு எட்டாமல் போய்விடுகிறது என்பது முன்வைக்கப்பட்டிருக்கும் விளக்கம். அதாவது தெர்மாமீட்டரும் சுவிட்சும் ஒரே புரதம்தான். கார்-பி மட்டும் விசித்திரம்: பார்க்கக் கார்-ஆர் மாதிரியே இருக்கும், டிஎன்ஏவில் ஒட்டும் பகுதி கிடையாது. ஆனால் அதை நீக்கினால் கொரோனாடின் வராது.

குளிர் ஏன்? சோயாவில் இந்த நோய் குளிர்ந்த, ஈரமான வானிலையில்தான் பரவும், வெயில் ஏறினால் அடங்கிவிடும். கொரோனாடின், செடியின் சொந்த ஜாஸ்மோனேட் ஹார்மோன் போல வேடம் போடுகிறது. கிருமியைக் கண்டு செடி மூடிய இலைத்துளையை மறுபடி திறக்க வைப்பதே இதுதான் என்று 2006-இல் அராபிடாப்சிஸ் என்ற ஆய்வகச் செடியில் காட்டினார்கள். இலை நனைந்திருக்கும்போது கதவு திறந்தால்தானே கிருமிக்கு லாபம்!

ஆனால் எல்லாவற்றுக்கும் குளிர்தான் சாவி என்று எழுதிவிடாதீர்கள். இதே பாக்டீரியாவின், தக்காளியைத் தாக்கும் டிசி3000 இனத்தில் கார்-ஆரை முடுக்குவதில் ஹெச்ஆர்பி-எல் என்ற சிக்மா காரணிக்கு (மரபணுவைப் படிக்கத் தொடங்க வைக்கும் புரதம்) பங்கு உண்டு. செடிக்குள் புரதங்களைச் செலுத்தும் ஊசி அமைப்பை இயக்குவதும் அதே காரணிதான். நெல் கதிரைக் கெடுக்கும் பர்க்ஹோல்டேரியா குளுமே நேர் எதிர், வெப்பம்தான் அதற்கு உகந்தது. அதன் மஞ்சள் நச்சான டாக்ஸோஃபிளாவினுக்குக் கூட்டம் சேர வேண்டும். ஒவ்வொரு செல்லும் வெளியிடும் சமிக்ஞை மூலக்கூறு போதிய அளவு சேர்ந்த பிறகே உற்பத்தி. போதாததற்கு, அந்த நச்சே தன் மரபணுக்களை இன்னும் முடுக்கிவிடும்.

நான் கையால் செய்து பார்த்தது சூடோமோனாஸ் சிரிஞ்சேயின் பீன்ஸைத் தாக்கும் வகை தயாரிக்கும் பேசியோலோடாக்சின் என்ற நச்சுக்கான சோதனை. இதுவும் 18 டிகிரி ஆசாமிதான். ஈ.கோலை பரப்பிய தட்டில் இந்தக் கிருமியின் வளர்ப்புத் திரவத்தை வைத்தால், ஈ.கோலை வளராத தெளிவான வளையம் தெரியும். ஊடகத்தில் ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலத்தைக் கலந்தால் வளையம் வராது, ஏனென்றால் நச்சு அடைப்பது ஆர்ஜினைன் தயாரிக்கும் பாதையைத்தான். கிருமி தன்னையே கொன்றுகொள்ளாமலிருக்க, நச்சுக்கு மசியாத இன்னொரு நொதியையும் வைத்திருக்கிறது.

ப்ராஜெக்ட்டுக்காகக் கேட்கிறீர்கள் என்றால் 18-இலும் 28-இலும் ஒரே நேரத்தில் வளர்த்து ஒப்பிடுங்கள். குளிரில் வளர்ச்சி மெதுவாக இருக்கும். அதனால் மணிக்கணக்கைப் பார்க்காமல், இரண்டும் ஒரே ஓ.டி. (திரவத்தின் கலங்கலை வைத்துச் செல் அடர்த்தியைச் சொல்லும் அளவு) வந்த பிறகு நச்சை அளவிடுங்கள்.