மழை நாளில் எத்தனை பேர்?

அன்புள்ள அண்ணனுக்கு,

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் நானும் நாலு நண்பர்களும் சாயங்காலம் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுக்கிறோம். இரண்டு வருடம் ஆகிறது. முப்பது பேர் வருகிறார்கள், அதில் எட்டுப் பேர் பெண்பிள்ளைகள். இதுவரை ஒரு கப்கூட வாங்கவில்லை. போன மாதம் ஊர்க்கூட்டத்தில் ஒரு பெரியவர், “பந்தைத் தட்டித் தட்டிப் பிள்ளைகள் என்னத்தைக் கண்டார்கள்?” என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. பத்தாம் வகுப்பு வந்ததும் வீட்டில் நிறுத்திவிடுகிறார்கள். அப்படி நின்ற ஒரு பையனைப் போன வாரம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன், குடித்திருந்தான். விளையாட்டு வழியாகப் பிள்ளைகளுக்கு வழிகாட்டுகிறோம் என்று நோட்டீஸ் அடித்து நன்கொடை வாங்கியவர்கள் நாங்கள். அது உண்மைதானா, இல்லை சும்மா சொல்லிக்கொள்வதா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

அந்தப் பெரியவர்மேல் எனக்குக் கோபமில்லை. நோட்டீஸில் போட்டதைத்தானே கேட்கிறார்.

விளையாடினாலே பிள்ளைகள் ஒழுங்காகிவிடுவார்கள் என்பதை நான் நம்புவதில்லை. கூடைப்பந்து பிறந்த கதையே அதற்குச் சாட்சி. 1891 டிசம்பரில், அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. (கிறிஸ்தவ இளைஞர் சங்கம்) பயிற்சிப் பள்ளியில், குளிருக்கு உள்ளே அடைந்து கிடந்து யாருக்கும் அடங்காத 18 பேர் வகுப்பு ஒன்றை ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியரின் தலையில் கட்டினார்கள். முன்பே இரண்டு ஆசிரியர்கள் கைகழுவிய வகுப்பு. உள்ளேயே ஆட ஒரு புது ஆட்டம் கண்டுபிடிக்க 14 நாள் தவணை. அவர் இரண்டு பழக்கூடைகளை பால்கனிக் கைப்பிடியில் அறைந்தார். அது 10 அடி உயரத்தில் இருந்தது, அதனால்தான் உங்கள் ஊர் ரிங்கும் 10 அடியில் இருக்கிறது. முதல் ஆட்டம் எப்படி முடிந்தது தெரியுமா? அடிதடியில். ஒருவன் மயங்கி விழுந்தான், பலருக்குக் கண் வீங்கியது, ஒருவனுக்குத் தோள்பட்டை நழுவியது என்று அவரே 1939இல் வானொலியில் சொல்லியிருக்கிறார். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடக்கூடாது என்று விதி போட்ட பிறகுதான் அடி நின்றதாம். பந்து பாட்டுக்குப் பந்தாகத்தான் இருந்தது. வாத்தியார்தான் மறுபடி உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருந்தது.

ஆனால் இந்த ஆட்டத்தில் வாத்தியாருக்கு ஒரு வசதி உண்டு. பெரிய கால்பந்துப் போட்டிகளில் ஒருவனை வெளியே எடுத்தால் எடுத்ததுதான், திரும்ப இறக்க முடியாது. கூடைப்பந்தில் எத்தனை முறை வேண்டுமானாலும் எடுக்கலாம், இறக்கலாம். கோபத்தில் முட்டித் தள்ளுகிற பையனை வெளியே கூப்பிட்டு, தண்ணீர் கொடுத்து, இரண்டு நிமிடம் பேசி, திரும்ப உள்ளே அனுப்பலாம். வீட்டிலும் பள்ளியிலும் வெளியே போ என்று சொல்ல ஆள் இருக்கிறது, சரி இனி உள்ளே வா என்று சொல்லத்தான் ஆள் குறைவு. அப்புறம் அந்த ஐந்து ஃபவுல் கணக்கு. நாலு வரைக்கும் பொறுப்பார்கள், ஐந்தாவதில் அன்றைய ஆட்டம் முடிந்தது. எத்தனை மிச்சம் இருக்கிறது என்று பையனுக்கே தெரியும்.

என் கதையைச் சொல்கிறேன். நான் குட்டை, ஓட்டமும் கிடையாது. எங்கள் பள்ளி மைதானம் செம்மண், போர்டு மரம், ஒரு மழைக்காலம் தாண்டினால் உப்பிவிடும். அணித் தேர்வில் என்னை முதல் நாளே கழித்துவிட்டார்கள். அழுதுகொண்டு நின்றவனை பி.டி. சார், “மக்களே, இங்க வந்து இரி” என்று மேசைக்குப் பின்னால் உட்காரவைத்து ஸ்கோர் ஷீட்டைக் கையில் கொடுத்தார். யார் போட்டது, யாருக்கு எத்தனை ஃபவுல், எத்தனை டைம் அவுட் மிச்சம் எல்லாம் அதில் ஏற வேண்டும். என்னைவிட இரண்டு அடி உயரமான அண்ணன்மார் ஓடிவந்து, “எனக்கு நாலா மூணாடே?” என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அந்தக் கேள்விக்காகவே மூன்று வருடம் ஒரு நாள் தவறாமல் போனேன். உங்கள் முப்பது பேரில் ஆட வராத பிள்ளைகள் ஏழெட்டாவது இருப்பார்கள். ஸ்கோர், கடிகாரம், விசில் என்று அவர்களுக்கு வேலை கொடுத்திருக்கிறீர்களா?

மார்த்தாண்டத்துக்காரர் என்பதால் இன்னொன்று. அங்கே 1920களில் கிராமப் புனரமைப்பு வேலையில் இறங்கியதும் ஒய்.எம்.சி.ஏ.தான். ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் நடத்தினார். தேன்கூட்டுப் பெட்டி, நல்ல கோழி இனம் எல்லாம் அந்த வேலையில் சேர்ந்தவை. மார்த்தாண்டம் தேனுக்குப் பெயர் வந்தது அப்படித்தான். (நம் ஊர்த் திடல்களில் ஆடுகிற கைப்பந்தும் 1895இல் ஒய்.எம்.சி.ஏ.வில் பிறந்ததுதான்.) உடல், மனம், ஆன்மா, சமூகம், பிழைப்பு என்று ஐந்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. தேனீ வளர்க்கச் சொல்லிக்கொடுப்பவருக்கு வீட்டில் கஞ்சி இருக்கிறதா என்பதும் தெரிந்திருக்க வேண்டும். உங்களுக்கும் அதே கதைதான். ஒரு பையன் மூன்று நாள் வராவிட்டால் நாலாம் நாள் அவன் வீட்டு முற்றத்தில் உங்களில் ஒருவர் நிற்க வேண்டும். பஸ் ஸ்டாண்டில் பார்க்கிறவரைக்கும் காத்திருந்தது தாமதம்தான், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பத்தாம் வகுப்பு அப்பாக்களிடம் சண்டை வேண்டாம். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கிடைக்கும் என்று ஆசை காட்டவும் வேண்டாம், முப்பது பேரில் ஒருவருக்குக் கிடைத்தாலே பெரிது. முழுதாக நிறுத்தாமல் அரை மணி நேரம் மட்டும் அனுப்பச் சொல்லுங்கள், சொன்ன நேரத்துக்கு வீட்டில் கொண்டுவிடுங்கள். பெண்பிள்ளைகளின் அம்மாக்களுக்கு இரண்டு பெஞ்சு போடுங்கள். பயிற்சி தருகிறவர் எந்தப் பிள்ளையோடும் தனியாக இருக்கும் நிலை வரக்கூடாது, ஆண்பிள்ளையானாலும் இதே விதிதான். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதிவையுங்கள்.

கப்புக்குப் பதில் என்ன காட்டுவது என்கிறீர்கள். நம் மாவட்டத்தில் ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை. சிமென்ட் தரை வழுக்கும், ஆட முடியாது. அப்படி ஆட்டம் இல்லாத சாயங்காலங்களில் எத்தனை பேர் வருகிறார்கள் என்று ஒரு நோட்டில் குறித்துவாருங்கள். கட்டன் சாயாவும் மரச்சீனிக் கிழங்கும் வைத்தால் கொஞ்சம் கூடுதலாக வருவார்கள், அதையும் கணக்கில் சேர்க்கலாம். பெரியவர் அடுத்த கூட்டத்தில் கேட்டால் அந்த நோட்டை நீட்டுங்கள். ஒத்துக்கொள்வார் என்று நான் உறுதி சொல்லவில்லை.

முதலில் அந்தப் பையனைப் போய்ப் பாருங்கள். உபதேசம் வேண்டாம், குடித்ததைப் பற்றி அவனே பேசினால் பேசட்டும். ஞாயிற்றுக்கிழமை சின்னப் பிள்ளைகள் ஆட்டத்துக்கு விசில் ஊத ஆள் இல்லை, வா என்று கூப்பிடுங்கள். டிசம்பரில் நான் ஊருக்கு வருகிறேன். ஆடச் சொல்லாதீர்கள், முட்டு வலி. ஸ்கோர் எழுதித் தருகிறேன்.