டிவியை இணைத்ததும் ஸ்பீக்கரில் வரும் உறுமல்

தண்டையார்பேட்டை வீட்டில் டிவியை ஆம்பிளிஃபையரோடு இணைத்ததிலிருந்து, பாட்டு ஓடாதபோதும் ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று வருகிறது, ஆம்பை மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். மாற்றாதீர்கள் சார், அதன் மேல் தப்பு இருக்க வாய்ப்பு குறைவு.

முதலில் செட்டாப் பாக்ஸின் பின்னால் திருகியிருக்கும் கேபிள் வயரைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள். சத்தம் சட்டென்று நின்றால் காரணம் அதுதான்: அந்த வயரின் வெளிப்பின்னல் தெருவில் வேறெங்கோ எர்த்தைத் தொடுகிறது, ஆம்ப் உங்கள் வீட்டு எர்த்தில் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவே உள்ள சின்ன வோல்டேஜ் வித்தியாசம் ஒலியை ஆம்புக்குக் கொண்டுவரும் ஆர்சிஏ வயரின் ஷீல்டு (அதன் வெளிப்பின்னல்) வழியாக 50 ஹெர்ட்ஸ் கரண்டை ஓட்டுகிறது, அதைத்தான் ஸ்பீக்கர் உறுமலாகத் தருகிறது. வியாசர்பாடியில் எங்கள் வீட்டிலும் இதே கதை, இரண்டு வாரம் ஸ்பீக்கரையே சந்தேகப்பட்டேன், கடைசியில் கேபிள் வயரில், சிக்னலை மட்டும் விட்டு எர்த் தொடர்பைத் துண்டிக்கும் ஒரு ஐசோலேட்டரைப் போட்டதும் போய்விட்டது.

நிற்கவில்லையா, சரி, ஆம்பை அணைத்துவிட்டு ஆர்சிஏ வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஆம்பை மறுபடி ஆன் செய்து கேளுங்கள். அப்புறம் எல்லாவற்றையும் ஒரே ஸ்பைக் பஸ்டரில் செருகிப் பாருங்கள். பிளக்கின் எர்த் பின்னை வெட்டச் சொல்பவர்கள் பேச்சை மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். சத்தம் நிற்கலாம், ஆனால் உள்ளே லீக் ஆனால் ஆம்பின் இரும்புப் பெட்டியே ஷாக் அடிக்கும், உயிரே போகலாம்.

எந்த வயரைக் கழற்றியதும் நின்றது என்று சொல்லுங்கள், அங்கிருந்து பார்க்கலாம்.