67ஆ, 73ஆ: இதில் எது உண்மை?

பிரபஞ்சம் விரியும் வேகத்துக்கு இரண்டு விடை வருகிறதே, அப்படியானால் புறவய உண்மை என்பதே கற்பனைதானா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது.

பிளாங்க் விண்கலம் அளந்த நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சை (பிரபஞ்சத்தின் ஆதிகாலத்திலிருந்து எஞ்சியிருக்கும் ஒளியை) வைத்துக் கணக்கிட்டால் 67 சொச்சம். துடிப்பை வைத்துத் தூரம் சொல்லும் செஃபீட் விண்மீன்கள், வெடிக்கும் விண்மீன்களான சூப்பர்நோவாக்கள் வழியாகப் போனால் 73 பக்கம் (ஒரு மெகாபார்செக், அதாவது சுமார் 32.6 லட்சம் ஒளியாண்டு தூரத்துக்கு, நொடிக்கு இத்தனை கிலோமீட்டர்). எல்லாம் மனிதர்கள் கட்டிய கதை என்றால், பேசிவைத்துக்கொண்டு 70 என்று முடித்திருக்கலாமே! முடியவில்லை. வானம் ஒத்துக்கொள்ளவில்லை. நம் விருப்பத்துக்கு வளையாத ஏதோ ஒன்று வெளியே இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியவில்லை.

1970களில் சண்டை 50ஆ 100ஆ என்று இருந்தது. அதோடு ஒப்பிட்டால் இன்றைய இடைவெளி சின்னது. ஆனால் பிழை வரம்பும் சுருங்கிவிட்டதால்தான் உறுத்துகிறது.

சரி, தவறே நடக்காதா? நடக்கும். 2014இல் தென்துருவத்திலிருந்து வானை நோக்கிய பைசெப்2 தொலைநோக்கிக் குழு ஆதிகால ஈர்ப்பலைகளின் (பிரபஞ்சம் பிறந்த புதிதில் வெளியில் எழுந்த அதிர்வுகளின்) தடயம் என்று அறிவித்ததைப் பால்வீதியின் தூசியைக் கொண்டே விளக்கிவிடலாம் என்று 2015இல் தெரிந்தது. பிளாங்க் குழுவோடு சேர்ந்து அதைச் சொன்னவர்களில் அறிவித்தவர்களும் உண்டு.

67, 73 விஷயத்தில் அளவீட்டில் கோளாறா, பிரபஞ்சத்தைப் பற்றிய நம் கோட்பாட்டு மாதிரியில் ஓட்டையா என்பது இன்னும் முடிவாகவில்லை.