பண்டிகைப் பரிசாக ஓவியம்: வாசகர் கேள்வி பதில்

ஓவியரிடமும் சிற்பியிடமும் நேரே போய்ப் பரிசுப்பொருள் வாங்குவது பற்றி வந்த கேள்விகளில் சில.

மகளின் தலை தீபாவளிக்குத் தஞ்சாவூர் ஓவியம் கொடுக்க ஆசை. ஒரே 12×15 அங்குலக் கிருஷ்ணருக்கு ஒருவர் சொல்லும் விலையைப்போல் மூன்று மடங்கு இன்னொருவர் சொல்கிறார். எதை நம்புவது?
– வாசகி, சேலம்

விலை பெரும்பாலும் இரண்டு இடங்களில் பிரிகிறது: படத்தில் ஒட்டும் மெல்லிய உலோகத் தகடான ரேக்கிலும், முகத்திலும். நல்ல படத்தில் ஒட்டுவது 22 காரட் தங்க ரேக். மலிவுப் படத்தில் செம்பும் துத்தநாகமும் கலந்த போலி ரேக். புதுசாக இருக்கும்போது இரண்டையும் கண்ணால் பிரித்துச் சொல்வது பழகினவர்களுக்கே கஷ்டம். போலி சில வருடங்களில் கறுக்கும், சில இடங்களில் பச்சை பூக்கும். ஆகவே பில்லில் ‘22 காரட் தங்க ரேக்’ என்று எழுதித் தரச் சொல்லுங்கள். வெறும் ‘கோல்டு ஃபாயில்’ என்ற வாய்ச்சொல்லுக்கு மதிப்பில்லை, போலியையும் அப்படித்தான் சொல்லி விற்கிறார்கள்.

முகத்தை நீங்களே சோதிக்கலாம். செல்போன் டார்ச்சைப் பலகையை ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். புருவம், இமை, உதட்டோரம் ஆகிய இடங்களில் தூரிகைக் கோடு தடித்துத் தொடங்கி மெலிந்து முடிய வேண்டும். பிறகு கேமராவை நெருக்கிப் பெரிதாக்குங்கள். கன்னத்தில் பொடிப் புள்ளிகள் வரிசை கட்டி நின்றால் அது அச்சு. அச்சடித்த படத்தின்மேல் கல்லும் ரேக்கும் ஒட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

டார்ச்சை அணைக்கும் முன் மக் வேலையையும் பார்த்துவிடுங்கள். சாக்பவுடரையும் பசையையும் குழைத்து நகை, தூண், வளைவு எல்லாவற்றையும் மேடாக எழுப்புவதுதான் மக். ஒரு பூச்சு காய்ந்த பிறகே அடுத்தது வைக்க வேண்டும். ஈரத்தின்மேல் ஈரம் வைத்தால் காயும்போது சுருங்கி மயிரிழை வெடிப்பு விடும். மேலே ரேக் ஒட்டிவிட்டால் அப்போதைக்கு மறைந்திருக்கும், பின்னால் ரேக்கோடு சேர்ந்து பெயரும். பண்டிகைக்குப் பத்து நாள் முன்னால் போய்ப் புதுப்படம் கேட்டு அவசரப்படுத்தினால் இதுதான் கிடைக்கும். ஐப்பசித் தீபாவளிக்கு ஆடியிலேயே சொல்லிவையுங்கள். தாமதமாகிவிட்டதா? அவரிடம் ஏற்கெனவே முடித்து வைத்திருக்கும் படங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

ஓவியரிடம் பேரம் பேசலாமா?
– வாசகர், விருதுநகர்

விலையைக் குறைக்கச் சொல்வதைவிட வேலையைக் குறைக்கச் சொல்லுங்கள். 12×15-க்குப் பதில் 8×10, கல் குறைவாக, ஒற்றை உருவமாக, சட்டம் இல்லாமல் என்று கேட்டால் விலை தானாக இறங்கும். தேக்குச் சட்டத்தை உங்கள் ஊரிலேயே போட்டுக்கொள்ளலாம். கண்ணாடி படத்தின்மேல் படாமல் இடைவெளி விட்டுச் சட்டம் போட வேண்டும் என்பதை மட்டும் கடைக்காரரிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

கிறிஸ்துமஸுக்கு அப்பா அம்மாவின் படத்தைப் போட்டோ பார்த்து வரைந்து தருவதாக ஓர் இளம் ஓவியர் சொல்கிறார். பாதிப் பணம் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?
– வாசகி, நாகர்கோவில்

பாதி முன்பணம் இந்தத் தொழிலில் வழக்கம்தான், கொடுக்கலாம். ஆனால் அதற்கு முன் படத்தின் அளவு, எந்த வண்ணம், எத்தனை உருவம், பின்னணி, எத்தனை முறை திருத்தித் தருவார், என்றைக்குக் கையில் கிடைக்கும் என்பதையெல்லாம் ஒரே செய்தியில் எழுதி அவர் ‘சரி’ சொன்னதை வைத்துக்கொள்ளுங்கள்.

போட்டோவை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள், சுருங்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். ஃபிளாஷ் போட்டு எடுத்ததில் முகம் தட்டையாக விழுந்திருக்கும். ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கமாக விழுந்த படம் சாதாரணமாக இருந்தாலும் ஓவியருக்கு அதுதான் உதவும்.

பென்சில் கோடு முடிந்ததும் கட்டாயம் வாங்கிப் பாருங்கள். சாயல் வரவில்லை, அம்மாவின் மூக்குத்தி பக்கம் மாறிவிட்டது என்பதையெல்லாம் அப்போதே சொல்லிவிட வேண்டும். அதிலும் நீர்வண்ணத்தில் நிறம் ஏறிவிட்டால் பிறகு திருத்தம் கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதற்குத் தாள் குறைந்தது 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) இருக்கட்டும், மெல்லிய தாள் ஈரம் பட்டதும் நெளியும். எண்ணெய் வண்ணம் இந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு வேண்டாம். தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காயவே நாட்கள், சிலசமயம் வாரங்கள் பிடிக்கும். வார்னிஷ் பூச ஆறு மாதமாவது ஆகும். கேன்வாஸில்தான் வேண்டுமென்றால் சீக்கிரம் காயும் அக்ரிலிக் வண்ணத்தில் கேளுங்கள்.

அக்ரிலிக் படம் கூரியரில் வருவதானால் பபிள் ஷீட்டை நேரே சுற்ற விடாதீர்கள். வண்டிச் சூட்டில் வண்ணம் இளகி, முகமெல்லாம் வட்ட வட்டமாகத் தடம் விழும். முதலில் பட்டர் பேப்பர், அதன்மேல் பபிள் ஷீட், இரண்டு பக்கமும் கெட்டி அட்டை.

அந்த மாதிரி வரைந்து வாங்கிய படத்தைக் கல்யாணப் பத்திரிகையில் அச்சடிக்கலாமா?
– வாசகர், ஈரோடு

நீங்கள் காசு கொடுத்துச் சொல்லி வரையச் செய்த ஓவியமானால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் பதிப்புரிமை உங்களுக்கே என்கிறது 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு. பலருக்கு இது தெரியாது, ஓவியர்கள் உட்பட! கண்காட்சியில் தயாராக இருந்த படத்தை வாங்கியிருந்தால் கதை வேறு. படம் உங்களுடையது, நகலெடுக்கும் உரிமை ஓவியருடையது, எனவே எழுத்தில் அனுமதி வாங்குங்கள். இரண்டிலும் அவர் கையெழுத்தை வெட்டிவிட்டு அச்சடிக்காதீர்கள். வரைந்தவர் தானே என்று சொல்லிக்கொள்ளும் உரிமை, பதிப்புரிமை கைமாறினாலும் போகாது.

சென்னையில் இக்கால ஓவியர்களின் படங்களை எங்கே பார்த்து வாங்கலாம்?
– வாசகி, தாம்பரம்

ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கிறது சோழமண்டலம். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று 1966-இல் உருவாக்கிய ஓவியர் கிராமம். பிடித்த படம் கைக்கெட்டாத விலையானால் அதே ஓவியரின் எண்ணிட்ட அச்சுப்படம் உண்டா என்று கேளுங்கள். ஓரத்தில் பென்சிலால் 5/50 என்று இருந்தால், ஐம்பதே பிரதிகளில் ஐந்தாவது. கையெழுத்தும் அதன் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

சுவாமிமலை ஸ்தபதியிடம் சிறிய நடராஜர் வாங்கி டொராண்டோவில் இருக்கும் அண்ணனுக்கு அனுப்ப வேண்டும். கஸ்டம்ஸில் பிடிப்பார்களாமே?
– வாசகர், கும்பகோணம்

புதுச் சிலைக்குத் தடை இல்லை. பழசோ என்ற சந்தேகம் வந்தால்தான் நிறுத்துவார்கள், அதனால் ‘தொல்பொருள் அல்ல’ என்று இந்தியத் தொல்லியல் துறை தரும் சான்றிதழை அனுப்புவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். நான்கு பக்கமும் எடுத்த போட்டோ, செய்த வருடமும் உயரமும் எடையும் குறித்த பில் இரண்டையும் தயாராக வையுங்கள். பழசுபோலக் கறுப்பேற்றிக் கொடுக்கச் சொல்லாதீர்கள், வீண் கேள்விகள் வரும். சிலை செய்யவும் நாள் பிடிக்கும்: தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்த உருவத்தின்மேல் மண் பூசி, மெழுகை உருக்கி வடித்து, அந்த இடத்தில் உலோகம் ஊற்றுவார்கள். கரு என்னும் அந்த மண் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும். உடைத்த பிறகு உளி வேலையே பல நாள் ஓடும், அதையும் கணக்கில் வைத்து ஆர்டர் கொடுங்கள். நடராஜரைச் சுற்றியிருக்கும் சுடர் வளையமான திருவாசியைத் தனியாகக் கழற்றும்படி செய்யச் சொன்னால் பெட்டியில் வளையாமல் போய்ச் சேரும்.