தம்பிக்கு மட்டும் ஏன் இவ்வளவு டாக்ரோலிமஸ்?

கோத்தகிரில இருந்து ஒரு அக்கா எழுதியிருக்காங்க. தம்பிக்கு இவங்கதான் கிட்னி குடுத்தது, 7 மாசம் ஆச்சு. திசுப் பொருத்தம் பார்க்கற எச்.எல்.ஏ. டெஸ்ட்ல 6-ல 3 தான் மேட்ச். புது கிட்னியை உடம்பு எதிர்த்துத் தள்ளாம இருக்கக் குடுக்கற டாக்ரோலிமஸ் மருந்தை தம்பி காலைல 4 மி.கி., ராத்திரி 4 மி.கி. போடறார், அதே வார்டுல இருந்த குன்னூர்க்காரர் வேளைக்கு ஒன்றரைதான் போடறாராம். கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற கிரியேட்டினின் 1.2, ரத்தத்துல மருந்து லெவல் 7, டாக்டர் சரியா இருக்குன்னுட்டார். "என் கிட்னி அவனுக்கு ஒத்துக்கலையோ, அதான் மருந்து இவ்வளவு ஏறுதோ?"ன்னு கேக்கறாங்க.

இல்லம்மா. அந்த நினைப்பை இன்னைக்கே விட்டுடுங்க.

எச்.எல்.ஏ. வேற கணக்கு. அந்த ஜீனெல்லாம் 6-ஆவது குரோமோசோம்ல கொத்தா இருக்கு, அப்பாகிட்ட ஒரு கொத்து அம்மாகிட்ட ஒரு கொத்துன்னு வரும், அதனால கூடப்பிறந்தவங்களுக்குள்ள முழுசா ஒத்துப்போக நாலுல ஒரு வாய்ப்பு, பாதி ஒத்துப்போக ரெண்டுல ஒண்ணு, சுத்தமா ஒத்துப்போகாம இருக்கவும் நாலுல ஒண்ணு. உங்களுக்கு பாதி வந்திருக்கு. ரத்த சொந்தமே இல்லாத மனைவி குடுத்த கிட்னியே நல்லா ஓடுது, பாதி மேட்ச் நல்ல மேட்ச்தான்.

மருந்து அளவுக்குப் பின்னாடி பெரும்பாலும் இருக்கறது சி.ஒய்.பி.3ஏ5-ன்னு ஒரு ஜீன். குடல்லயும் ஈரல்லயும் டாக்ரோலிமஸை உடைக்கற என்சைம் இதுல இருந்துதான் வருது. சிலருக்கு இது வேலை செய்யும், சிலருக்கு செய்யாது. வேலை செய்யறவங்களுக்கு மருந்து சீக்கிரம் உடைஞ்சு போறதால மத்தவங்களைவிட ஒன்றரை, ரெண்டு மடங்கு தேவைப்படும். குடலும் ஈரலும் தம்பியோடது, உங்க கிட்னிக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது.

அப்போ ஜீன் டெஸ்ட் எடுக்கணுமான்னா, இப்போ வேண்டாம்னுதான் சொல்வேன். ஆபரேஷனுக்கு முன்னாடி எடுத்தா ஆரம்ப டோஸை சரியா போட்டு லெவலை சீக்கிரம் பிடிக்கலாம், ஆனா அதனால ரிஜெக்ஷன் (உடம்பு புது கிட்னியை எதிர்க்கறது) குறையுதுன்னு இதைப் பத்தின ஆய்வுகள்ல தெளிவா வரல. உங்க தம்பிக்கு லெவல் பார்த்துப் பார்த்தே சரியான டோஸ் கிடைச்சாச்சே. குன்னூர்க்காரரைப் பார்த்து ஒரு கேப்சூல் கூட நீங்களா குறைச்சிடாதீங்க, லெவல் இறங்கினா ரிஜெக்ஷன் வரும், ஏறினா கை நடுங்கும், சுகர் ஏறும், கிட்னியையே கெடுக்கும்.

லெவல் டெஸ்ட்லதான் மலைல இருந்து போறவங்க நிறைய தப்பு பண்றாங்க. விடிகாலை பஸ் ஏறும்போதே பழக்கத்துல கேப்சூலைப் போட்டுட்டு மேட்டுப்பாளையம் இறங்கி ரத்தம் குடுத்தா ரிப்போர்ட்ல லெவல் எக்கச்சக்கமா காட்டும், டாக்டர் டோஸைக் குறைச்சிடுவார். முந்தின ராத்திரி 9 மணிக்குப் போட்டா காலைல 9 மணி வாக்குல ரத்தம் குடுங்க, காலை கேப்சூல் டப்பாவோட பைலயே இருக்கட்டும், ஊசி எடுத்த அப்புறம் அங்கேயே முழுங்கிக்கலாம்.

பம்பளிமாஸ் பழம் கூடவே கூடாது, லெவலை ஏத்திடும். இந்தக் குளிர்ல சளி இருமல்னு மெடிக்கல்ல கேட்டு கிளாரித்ரோமைசின் வாங்கிப் போட்டாலும் அதேதான். டி.பி.க்குக் குடுக்கற ரிஃபாம்பிசின் தலைகீழா லெவலை இறக்கிடும். வயித்துப்போக்கு ரெண்டு நாள் நீடிச்சாலும் லெவல் ஏறலாம், உடனே போன் போட்டு சொல்லுங்க. பிராண்ட் மாத்தறதும் டாக்டரைக் கேட்டுட்டுதான்.

இவ்வளவு எழுதினீங்க, உங்களைப் பத்தி ஒரு வரி கூட இல்ல. கிட்னி குடுத்தவங்களும் வருஷா வருஷம் பிரஷர், கிரியேட்டினின், யூரின் புரோட்டீன் பார்க்கணும். தம்பியோட அடுத்த செக்கப்புக்குப் போறப்போ உங்க ரத்தத்தையும் குடுத்துட்டு வாங்க.